எழுத்தாளர் விழாவில் எழுதுவதற்கு என்ன கிடைக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலக்கிய விழாக்களுக்குப் போக நினைக்கும் புது எழுத்தாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் என் சொந்த அபிப்பிராயம்; ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாம். டிக்கெட், தங்குமிடம் போன்ற விவரங்கள் அந்தந்த விழாவின் அறிவிப்பிலேயே இருக்கும் என்பதால் அவற்றைத் தொடவில்லை.

விழாவுக்குப் போனால் எழுத்து வந்துவிடுமா?

வராது. எழுதும் ஆசை வரும். இரண்டும் வேறு வேறு என்று தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. அரங்கில் உட்கார்ந்து மூன்று பேர் பேசுவதைக் கேட்டால் கதைக்கரு மடியில் வந்து விழும் என்று நம்பிப் போகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள்.

மற்றவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று கிட்டத்தில் பார்க்க முடிவதைத்தான் நான் பெரிய லாபமாக நினைக்கிறேன். ஒரே அத்தியாயத்தை ஏழாவது முறையாகத் திருத்திக்கொண்டிருப்பதாக ஒருவர் போகிறபோக்கில் சொல்வார். நாவலின் கடைசிப் பக்கத்தை முதலிலேயே எழுதிவிட்டதாக இன்னொருவர் சொல்வார். நாலு வருஷமாக ஒரு வரிகூட எழுதவில்லை என்று மூன்றாமவர் சிரித்துக்கொண்டே சொல்வார். தனியாக உட்கார்ந்து எழுதுகிற எவருக்கும், இந்தப் பாடு தனக்கு மட்டும்தான் என்ற எண்ணம் மனதின் மூலையில் இருக்கும். அங்கே அது போய்விடும். அது போன பிறகுதான், பாதியில் மூடிவைத்த கதையை மறுபடி எடுத்துப் பார்க்கத் தோன்றும்.

பெரிய விழாவா, சிறிய கூட்டமா? எது நல்லது?

இரண்டும் வேறு வகை. செல்ட்டன்ஹாம் இலக்கிய விழா (1949-ல் தொடங்கியது), அடிலெய்ட் எழுத்தாளர் வாரம் (1960), எடின்பரோ புத்தக விழா (1983), ஹே விழா (1988), ஜெய்ப்பூர் விழா (2006) போன்றவை முதன்மையாக வாசகர்களுக்கானவை. எழுத்தாளர் மேடையில் இருப்பார், நீங்கள் கீழே இருப்பீர்கள். கேட்கலாம், பார்க்கலாம், கையெழுத்து வாங்கலாம். பிரமாதமான கூட்டம் இருக்கும். அதுவே சிலருக்கு உற்சாகம் தரும்.

இன்னொரு வகை எழுதுகிறவர்களுக்கே உரியது. அமெரிக்காவில் 1926 முதல் நடக்கும் பிரெட் லோஃப் முகாமும், 1968-ல் தொடங்கிய கிளாரியன் பட்டறையும் இந்த வகை. கிளாரியனில் ஆறு வாரம் தங்கி அறிவியல் புனைகதை எழுதுவார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் படித்துக் கருத்துச் சொல்வார்கள். அவ்வளவு நீளமாக இல்லாவிட்டாலும், இருபது முப்பது பேர் கூடி இரண்டு நாள் பேசும் கூட்டங்கள் பல மொழிகளிலும் நடக்கின்றன.

எழுதுவதற்கான தூண்டுதல்தான் வேண்டும் என்றால் சிறிய கூட்டத்துக்கே என் ஓட்டு. காலையில் பார்த்த முகத்தை மாலையிலும் பார்ப்பீர்கள். பாதியில் நின்ற பேச்சை அங்கே தொடர முடியும். பெரிய விழாவுக்குத்தான் போகிறீர்கள் என்றால், அதன் நிகழ்ச்சி நிரலில் பட்டறை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இடம் குறைவாக இருக்கும், முன்பதிவு சீக்கிரம் முடிந்துவிடும்.

நான் இன்னும் ஒரு புத்தகம்கூடப் போடவில்லை. போகலாமா?

தாராளமாகப் போகலாம். அட்டையில் பெயர் வந்தவர்கள் மட்டும்தான் எழுத்தாளர்கள் என்று வாசலில் யாரும் தடுப்பதில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை அமர்வு கேட்கலாம்?

மூன்றுக்கு மேல் போனால் எதுவும் தங்காது. காசு கொடுத்து வந்திருக்கிறோமே என்று காலை முதல் இரவு வரை அரங்கு அரங்காக ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாலையில் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பியிருக்கும். இரண்டு அமர்வுகளுக்கு நடுவே ஒரு மணி நேரமாவது சும்மா விடுங்கள். உருப்படியான பேச்செல்லாம் வரிசையில் நிற்கும்போதும், படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும்போதும்தான் நடக்கிறது.

அப்புறம், உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் அமர்வுக்காவது போங்கள். சிறுகதை எழுதுகிறவர் சிறுகதை அமர்வில் கேட்பதில் பாதி ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும். மொழிபெயர்ப்பாளர்கள் பேசும் அமர்வு கிடைத்தால் தவறவிடாதீர்கள். ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசுவார்கள். ‘அவள் வந்துவிட்டாள்’ என்பதற்கும் ‘அவள் வந்தாள்’ என்பதற்கும் நடுவே எவ்வளவு காத்திருப்பு இருக்கிறது என்று ஒருவர் விளக்கிக் கேட்டால், அன்றிரவு உங்கள் வாக்கியங்களையே சந்தேகமாகப் பார்க்க ஆரம்பிப்பீர்கள். நல்லதுதான்.

நோட்டில் எதை எழுதிக்கொள்வது?

பேச்சாளர் சொன்ன கருத்தை எழுத வேண்டாம். பெரும்பாலான விழாக்கள் அமர்வுகளைப் பதிவு செய்து பின்னால் வெளியிடுகின்றன. கருத்து அங்கே பத்திரமாக இருக்கும். பதிவில் வராததை எழுதுங்கள். ஓர் உதாரணம் பாருங்கள். ஒரே அமர்வைப் பற்றிய இரண்டு குறிப்புகள் இவை.

முதல் குறிப்பு: ‘நினைவும் புனைவும் பற்றி அருமையான உரை. குடும்பத்தை எழுதுவதில் உள்ள சிக்கல்கள்.’

இரண்டாவது குறிப்பு: ‘தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறார், மூடுகிறார், குடிக்கவில்லை. அண்ணனைப் பற்றிப் பேசும்போது மட்டும். அம்மாவைப் பற்றிப் பேசும்போது கை மேஜை மேல் அசையாமல் இருக்கிறது. முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து போனாள், பையை விட்டுவிட்டு.’

ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் முதல் குறிப்பை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதில் குறைந்தது இரண்டு கதைகள் இருக்கின்றன. அந்தப் பை யாருடையது, அவள் திரும்பி வந்தாளா என்று நீங்களே கேட்டுக்கொள்ள ஆரம்பிப்பீர்கள். (மேடையில் பேசியவரை அடையாளம் தெரியும்படி கதையில் கொண்டுவந்துவிடாதீர்கள். பாட்டிலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.)

கையால் எழுதுவதா போனில் தட்டுவதா என்பது அவரவர் வசதி. ஆனால் போனை எடுத்தால் வேறு எங்கேயோ போய்விடுகிறோம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எனக்குக் கூச்சம் அதிகம். தெரியாத எழுத்தாளர்களிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது?

அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் உங்களைப் போலத்தான். நாள் முழுக்க யாரிடமும் பேசாமல் எழுத முடிகிறவர்கள்தானே எழுத்தாளர் ஆகிறார்கள். ‘நீங்கள் என்ன எழுதுகிறீர்கள்?’ என்று கேட்டால் பலர் சங்கடப்படுவார்கள். நேர்முகத் தேர்வு மாதிரி இருக்கும். ‘இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். எல்லோரிடமும் பதில் இருக்கும், அதில் ஒரு சண்டையும் இருக்கும். அந்தப் புத்தகம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள். மரியாதையாக மறுத்துப் பேசிய பேச்சிலிருந்துதான் பல நட்புகள் தொடங்குகின்றன.

கூட்டமாக நிற்கிறவர்களிடம் போய் நுழைவது கஷ்டம். தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் பக்கத்தில் போய் உட்காருவது சுலபம். ஒரு நாளைக்கு ஒருவரிடம் பேசினால் போதும்.

பிரபல எழுத்தாளர் எதிரே வந்தால் என்ன கேட்பது?

‘உங்களுக்குக் கரு எங்கிருந்து கிடைக்கிறது?’ என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் அதற்குத் தயாராக ஒரு பதில் வைத்திருப்பார், அது உங்களுக்கு உதவாது. அவர் எழுதியதில் ஒன்றையாவது முன்பே படித்துவிட்டுப் போய், அதில் அவர் எடுத்த ஏதாவது ஒரு முடிவைப் பற்றிக் கேளுங்கள். ‘அந்தக் கதையில் அப்பாவுக்குக் கடைசி வரை பெயரே இல்லையே, முதல் வரைவிலும் அப்படித்தானா?’ என்கிற மாதிரி. வரைவுகளைப் பற்றிக் கேட்டால் எழுத்தாளர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

கைப்பிரதியை அவர் கையில் திணிக்க வேண்டாம். இதை எத்தனை முறை சொன்னாலும் யாராவது செய்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

சக எழுத்தாளர்களோடு சேர்ந்து உட்கார்ந்து எழுதுவது பலன் தருமா, அல்லது வெறும் விளையாட்டா?

விளையாட்டுதான், அதனால்தான் பலன் தருகிறது. நன்றாக எழுத வேண்டும் என்ற பயம் அங்கே இருக்காது.

1816 டிசம்பர் 30 அன்று லண்டனில் ஆங்கிலக் கவிஞர் லீ ஹண்ட் தன் வீட்டில் இளம் கவிஞர் ஜான் கீட்ஸிடம் ஒரு பந்தயம் வைத்தார். தலைப்பு வெட்டுக்கிளியும் சில்வண்டும். கால் மணி நேரத்தில் ஆளுக்கொரு சானட் (பதினான்கு வரிக் கவிதை) எழுத வேண்டும். கீட்ஸ் முதலில் முடித்துவிட்டார். அந்தக் கவிதை இன்றும் தொகுப்புகளில் இருக்கிறது. மாதக்கணக்கில் யோசித்து எழுதியதில்லை அது, பந்தயத்துக்கு எழுதியது.

நம் மரபில் இதெல்லாம் புதிதில்லை. ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்வதும், காளமேகம் அதைச் சட்டென்று பாடி முடிப்பதுமாக எத்தனையோ கதைகள் உண்டு. ஜப்பானில் ரெங்கா என்று ஒரு வடிவம்: ஒருவர் பாடியதை அடுத்தவர் தொடுத்துப் பாட வேண்டும். 1488-ல் சோகி, ஷோஹாகு, சோச்சோ என்ற மூன்று கவிஞர்கள் மினாசேயில் உட்கார்ந்து நூறு கண்ணிகள் பாடியது இதில் மிகவும் புகழ்பெற்றது. 1969-ல் பாரிஸில் மெக்சிகோ கவிஞர் ஒக்தாவியோ பாஸ் உட்பட நான்கு கவிஞர்கள் ஸ்பானிஷ், பிரெஞ்சு, இத்தாலியம், ஆங்கிலம் என நான்கு மொழிகளில் சேர்ந்து ஒரு ரெங்கா எழுதினார்கள்.

விழாவில் செய்யக்கூடியதாக ஒன்று சொல்கிறேன். நாலு பேர் போதும். யாராவது ஒருவர் ஒரு வரி சொல்ல வேண்டும், அழகான வரியாக இருக்கக் கூடாது. உதாரணமாக, ‘சாவியைக் கொடுக்காமலே போய்விட்டார்.’ போனில் பதினைந்து நிமிடம் அலாரம் வைத்துவிட்டு எழுதுங்கள். அலாரம் அடித்ததும் பாதி வாக்கியமாக இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். வாசிக்கும்போது ஆச்சரியமாக இருக்கும். ஒருவர் கதையில் வாடகைக்கு இருந்தவர் போயிருப்பார், இன்னொருவர் கதையில் இறந்த கணவர். மூன்றாமவர் சாவியையே கதை சொல்ல வைத்திருப்பார் (யாராவது ஒருவர் இதைச் செய்யாமல் விடமாட்டார்). நாலாவது ஆள் கதையில் பூட்டே இருக்காது. உங்கள் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று, மற்ற மூன்றையும் கேட்கும்போதுதான் உங்களுக்கே தெரியும்.

கவிஞர்கள் கூடினால் அந்தாதி ஆடுங்கள். முன்னவர் முடித்த சொல்லில் அடுத்தவர் தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டுப்பாடு வைத்துக்கொண்டு எழுதினால் கற்பனை குறுகிவிடாதா?

அனுபவம் வேறு மாதிரி சொல்கிறது. 1960-ல் பிரான்சில் செரிஸி என்ற இடத்தில் பிரெஞ்சு எழுத்தாளர் ரெமோன் கெனோவின் எழுத்தைப் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. அங்கே கூடியவர்களின் பேச்சிலிருந்துதான், அதே ஆண்டு நவம்பரில் ஊலிப்போ என்ற குழு பிறந்தது. தாங்களே விதி போட்டுக்கொண்டு எழுதுவது அவர்கள் வழக்கம். அந்தக் குழுவைச் சேர்ந்த ஜோர்ஜ் பெரெக் 1969-ல் பிரெஞ்சில் ‘e’ என்ற எழுத்தே வராமல் ஒரு முழு நாவல் எழுதினார். உதடு ஒட்டாமல் உச்சரிக்கும் எழுத்துகளை மட்டும் வைத்து, அதற்கு மேல் யமகமும் (ஒரே எழுத்துத்தொடர் வேறு வேறு பொருளில் திரும்ப வருவது) சேர்த்து, சிவப்பிரகாசர் 17-ஆம் நூற்றாண்டிலேயே திருச்செந்தூர் முருகன்மேல் அந்தாதி பாடியிருக்கிறார். வாய் ஒரு வழியில் போகக் கூடாது என்று ஆனவுடன், வழக்கமாகக் கைக்கு வரும் சொல் வராது, தேட வேண்டியிருக்கும். தேடும்போதுதான் புதிதாக ஏதாவது அகப்படும்.

இடைவேளையில் முயன்று பார்க்க எளிதான விதி ஒன்று: உவமையே இல்லாமல் ஒரு பக்கம் எழுதுங்கள். ‘போல’, ‘மாதிரி’ இரண்டுக்கும் தடை.

என் கருவை வேறு யாராவது எடுத்து எழுதிவிட்டால்?

எடுக்கலாம். கருவுக்குக் காப்புரிமை கிடையாது. உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்திலேயே 9-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: பாதுகாப்பு வெளிப்பாட்டுக்கு உண்டு, எண்ணத்துக்கு இல்லை. நீங்கள் எழுதிய வாக்கியங்களை எடுத்தால் கேட்க முடியும். ‘ஒரு ஊரில் கிணறு வற்றுகிறது’ என்ற எண்ணத்தை எடுத்தால் கேட்க முடியாது.

ஆனால் இந்தப் பயம் தேவையில்லை என்பதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியும் அவர் நண்பர் ஹோரஸ் ஸ்மித்தும் போட்டி போட்டுக்கொண்டு ஒரே விஷயத்தை சானட்டாக எழுதினார்கள்: பாலைவனத்தில் உடைந்து கிடக்கும் ஓர் எகிப்திய மன்னனின் சிலை. இரண்டும் 1818-ல் சில வார இடைவெளியில் ஒரே பத்திரிகையில் வந்தன. கரு ஒன்று, காலம் ஒன்று, பத்திரிகையும் ஒன்று. ஷெல்லியின் ‘ஓஸிமாண்டியாஸ்’ எல்லோருக்கும் தெரியும். ஸ்மித்தின் கவிதையை, இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும்தான் யாராவது எடுத்துப் படிக்கிறார்கள்.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கதையை அங்கே சொல்லலாமா?

திருட்டுக்குப் பயந்து அல்ல, வேறு காரணத்துக்காக வேண்டாம் என்பேன். ஒரு கதையை நாலு பேரிடம் சுவையாகச் சொல்லி, நாலு பேரும் ‘அடடா’ என்று சொல்லிவிட்டால், எழுதுவதற்கான அரிப்பு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. விழாக்களில் அற்புதமாகச் சொல்லப்பட்டு, கடைசி வரை எழுதப்படாமலே போன நாவல்கள் ஏராளம்.

கதையைச் சொல்லாமல், அதில் எங்கே சிக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்லலாம். ‘இரண்டு பேர் ஒரே வீட்டில் பேசாமல் இருக்கிறார்கள், மூன்றாவது அத்தியாயத்திலேயே எனக்கு விஷயம் தீர்ந்துவிடுகிறது’ என்று சொன்னால், கேட்கிறவர் தன் அனுபவத்திலிருந்து ஏதாவது சொல்வார். கதையும் உங்களிடமே இருக்கும்.

எழுதியதை வாசித்துக் காட்டிக் கருத்துக் கேட்கும்போது மனம் நொந்துபோகாமல் இருக்க என்ன வழி?

முழுக்க நோகாமல் இருக்க வழியில்லை. ஆனால் முறை வைத்துக்கொண்டால் பெரிதும் குறையும். 1956-ல் அமெரிக்காவில் மில்ஃபோர்ட் என்ற ஊரில் அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் கூடத் தொடங்கினார்கள். அங்கே உருவான முறையைத்தான் பிறகு கிளாரியனும் எடுத்துக்கொண்டது. எல்லோரும் கதையை முன்பே படித்துவிட்டு வர வேண்டும். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகக் குறிப்பிட்ட நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். அதுவரை எழுதியவர் வாயே திறக்கக் கூடாது. எல்லோரும் முடித்த பிறகு அவர் பேசலாம்.

அந்த வாய்ப்பூட்டு கொடுமையாகத் தோன்றும். ஆனால் ‘நான் என்ன நினைத்து எழுதினேன் என்றால்...’ என்று விளக்கம் சொல்லும் வாய்ப்பு வாசகரிடம் உங்களுக்குக் கிடைக்கவே போவதில்லையே. கருத்துச் சொல்கிறவர்களிடம் ‘நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்காமல், ‘எந்த இடத்தில் கவனம் சிதறியது?’ என்று கேளுங்கள். மூன்று பேர் ஒரே பத்தியைக் காட்டினால் அங்கே கோளாறு நிச்சயம். அதைச் சரிசெய்ய அவர்கள் சொல்லும் யோசனை பெரும்பாலும் உதவாது; அவர்கள் காட்டிய இடம் உதவும்.

எல்லோரும் என்னைவிட நன்றாக எழுதுகிறார்கள். உற்சாகத்துக்குப் போய்ச் சோர்வோடு வந்தேன். இது சகஜமா?

ரொம்பச் சகஜம். பொறாமையும் சேர்ந்தே வரும், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. யாருடைய எதைப் பார்த்துப் பொறாமைப்பட்டீர்கள் என்று நோட்டில் எழுதிவையுங்கள். விருதைப் பார்த்து என்றால் அது போய்விடும். அவர் உரையாடல் எழுதும் விதத்தைப் பார்த்து என்றால், நீங்கள் அடுத்து கற்றுக்கொள்ள வேண்டியது அதுதான்.

பதிப்பாளரைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், அறிமுகப்படுத்திக்கொள்ளலாம், அவர்கள் என்ன மாதிரி நூல்கள் போடுகிறார்கள் என்று கேட்கலாம். விற்கும் நோக்கத்தோடு ஒரு நாள், எழுதும் நோக்கத்தோடு ஒரு நாள் என்று பிரித்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டும் ஓடாது.

நேரில் போக முடியாது. இணையவழி அமர்வு போதுமா?

உரை கேட்கப் போதும். படிக்கட்டுப் பேச்சு கிடைக்காது. தெரிந்த இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரே அமர்வைப் பார்த்துவிட்டு, முடிந்ததும் மூவரும் அரை மணி நேரம் பேசுங்கள். ஓரளவு ஈடாகும்.

திரும்பி வந்த ஒரு வாரத்தில் எல்லாம் வடிந்துவிடுகிறது. என்ன செய்வது?

வடியத்தான் செய்யும். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் 1970-ல் கிளாரியனுக்குப் போனார். அவருடைய முதல் கதைகள் அங்கேதான் விலைபோயின. இனி நாம் எழுத்தாளர்தான் என்று நினைத்தாராம். அடுத்த ஐந்து வருஷம் ஒரு கதையும் விற்கவில்லை. நிராகரிப்புக் கடிதங்களும், பிழைப்புக்குக் கிடைத்த சின்னச் சின்ன வேலைகளும்தான். விடிவதற்கு முன்பே எழுந்து எழுதிவிட்டு வேலைக்குப் போவார். முதல் நாவல் 1976-ல் வந்தது. அவரை ஐந்து வருஷம் நடத்திச் சென்றது விழா தந்த உற்சாகம் என்று நான் நம்பவில்லை. அந்த விடிகாலைப் பழக்கம்தான் என்று நினைக்கிறேன்.

ஆகவே சூடு ஆறுவதற்குள் அதை ஏதாவது ஒரு பழக்கத்தோடு கட்டிவிடுங்கள். விழா நடக்கும்போதே, இரவு படுப்பதற்கு முன் அன்றைய குறிப்புகளில் ஒன்றை எடுத்து ஒரு பத்தியாக விரித்து எழுதுங்கள். குறிப்பாகவே விட்டால் பிறகு உங்களுக்கே புரியாது. திரும்பும் வழியில், அடுத்த வாரம் எந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். வாங்கிவந்த புத்தகங்களை உடனே படிக்க ஆரம்பிக்காதீர்கள். இது பலருக்கும் பிடிக்காத யோசனை. ஆனால் பத்துப் புத்தகம் மேஜையில் இருந்தால், எழுதாமல் இருக்கப் பத்துக் கௌரவமான காரணங்கள் கிடைத்துவிடும்.

அங்கே பழகியவர்களோடு தொடர்பை எப்படி வைத்துக்கொள்வது?

வாட்ஸ்அப் குழு தொடங்கினால் முதல் வாரம் புகைப்படங்கள் வரும், இரண்டாவது வாரம் பிறந்தநாள் வாழ்த்து வரும், அதோடு சரி. மூன்று பேர் மட்டும் சேர்ந்து, மாதத்தில் ஒரு தேதி குறித்து, அன்றைக்கு ஆளுக்கு ஐந்து பக்கம் அனுப்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதி முடிக்காதவர் இருக்கிற பக்கத்தை அனுப்பட்டும், அரைப் பக்கமானாலும் பரவாயில்லை. வெற்றுச் சாக்குக் கடிதம் மட்டும் கூடாது. மற்ற இருவரும் ஒரு வாரத்துக்குள் படித்து, கவனம் சிதறிய இடத்தைக் கோடிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒருவர் இரண்டு மாதம் தொடர்ந்து அனுப்பவில்லை என்றால் கோபித்துக்கொள்ளாமல் போன் செய்து விசாரியுங்கள்.